இடிக்கச் சொல்லும் முன் மாடி ஏறிப் பாருங்கள்

பழைய வீடுகளை மதிப்பிட வரும் பொறியாளர்களுக்கும், அவர்கள் எழுதித் தருவதை வைத்துக் கடனை முடிவு செய்யும் வங்கி அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

எங்கள் கோப்பு உங்களிடம் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை, முற்றம் வைத்த வீடு, கூரை பழுதுபார்க்கக் கடன் கேட்டு விண்ணப்பம். போன வாரம் பதில் வந்தது. கட்டடத்தின் மதிப்பு இல்லை, மீதமுள்ள ஆயுள் இல்லை, ஆகவே கடன் இல்லை. இடித்துவிட்டு மூன்று மாடி கட்டுவதாக இருந்தால் இதே மனைக்குத் தாராளமாகக் கடன் கிடைக்கும் என்று கிளையில் நேரில் சொன்னார்கள். நாங்கள் கேட்டதைவிடப் பல மடங்கு பெரிய தொகை. அதைத் திருப்பிக் கட்டும் வசதி எங்களுக்கு உண்டா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மதிப்பிட வந்தவர் எங்கள் வீட்டில் இருந்தது மொத்தம் பத்து நிமிடம். திண்ணைப் பக்கம் நின்று செல்போனில் நாலு படம் எடுத்தார். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "மரக்கட்டை சீலிங்கா? எத்தனை வருஷம் ஆச்சு?" என்றார். தாத்தா கட்டியது, 1934ஆம் வருஷத்துப் பத்திரம் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். வருஷத்தை மட்டும் எழுதிக்கொண்டார். "மாடிக்கு வாங்க சார், ஒழுகுற இடம் அங்கதான்" என்றேன். "பரவாயில்லம்மா, தேவைப்படாது" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குத் தனியாகக் கோபம் கிடையாது. ஆனால் கூரைக்காகக் கடன் கேட்ட வீட்டில் கூரையையே பார்க்காமல் ஆயுள் முடிந்தது என்று எழுத முடிகிறது. அப்படி எழுதினால் அதை ஏற்றுக்கொள்ளவும் ஆள் இருக்கிறது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தயவுசெய்து, இடிக்கச் சொல்லும் முன் மாடி ஏறிப் பாருங்கள்.

எங்கள் கூரை மெட்ராஸ் டெரஸ். நீங்கள் படித்த புத்தகத்திலும் இருந்திருக்கும், இந்த ஊர் பேரிலேயே இருப்பது. பர்மா தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரை வைத்து மூலைவாட்டில் குத்துக்கல்லாக அடுக்கியிருப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக் கொட்டாப்புளியால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளம் அது. கடைசியாக மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. அப்படி இறுகிய தளத்தின் அடியில் மே மாதத்திலும் மத்தியானத் தூக்கம் வரும்.

நீங்கள் வந்துபோன பிறகு ஒரு வயதான மேஸ்திரியைக் கூட்டிவந்தோம். அவர் சுண்ணாம்பு வேலை பார்த்தே வயதானவர். ஏணி போட்டு ஒவ்வொரு கட்டையையும் சுத்தியல் பிடியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். மெல்லிய திருப்புளியால் சுவர் ஓரங்களில் குத்திப் பார்த்தார். மேற்கு அறையில் பதினொரு கட்டை. ஒன்பது, தட்டினால் கணீர் என்றது. இரண்டில் மட்டும் சுவருக்குள் போகும் முனையில் திருப்புளி சர்ரென்று இறங்கியது. "கட்டை நல்லா கீதும்மா, முனைதான் போச்சு" என்றார். அப்புறம் மாடிக்குப் போய்க் காரணத்தையும் காட்டினார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், யாரோ சொன்னார்கள் என்று, அப்பா தட்டோட்டுக்கு மேலேயே சிமெண்ட் போட்டு, அதன்மேல் தண்ணீர் இறங்காத பெயின்டும் அடித்திருந்தார். சுண்ணாம்புத் தளம் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயில் வந்தால் அதைத் திருப்பி விட்டுவிடும். மேலே மூடியைப் போட்டால், வெடிப்பு வழியாக உள்ளே போன தண்ணீருக்கு மேலே வர வழி கிடையாது. அது சுவரோரம் போய், காற்றுப் படாத கட்டை முனையில் உட்கார்ந்துகொள்கிறது. முனை உளுத்துப்போகிறது.

அந்தச் சிமெண்டை எடுத்து, உளுத்த முனைகளை வெட்டி, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு, தளத்தைச் சுண்ணாம்பிலேயே திரும்பப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். அதற்குத்தான் கடன் கேட்டோம்.

அந்த மேற்கு அறை அம்மாவின் அறை. அவருக்கு 78 வயது. மழை வரும்போல் இருந்தால் சாயங்காலமே கட்டிலை நகர்த்த ஆரம்பித்துவிடுவார். முதலில் ஜன்னல் ஓரத்துக்கு, அங்கேயும் சொட்டினால் கதவோரத்துக்கு. இப்போது அவருக்கே ஒரு கணக்கு இருக்கிறது: தூறலுக்கு ஒரு இடம், அடைமழைக்கு ஒரு இடம். பித்தளை அண்டாவை வைத்தால் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று அதற்குள் பழைய துணியைப் போட்டு வைக்கிறார். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது. கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் அப்பா படம். நனைந்துவிடும் என்று கழற்றி எடுத்து வந்திருக்கிறார். "எழுப்புறதுக்குப் பாவமா இருந்துச்சு" என்றார். மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டிப் பார்த்தோம். கடற்காற்று இரண்டே மாதத்தில் கிழித்துவிட்டது.

அவரைப் புது வீட்டுக்கு அழைத்துப் போவதுதானே என்று கேட்பீர்கள். இந்த வீட்டையே புது வீடாக்கத்தான் நாலு வருஷமாகக் கையில் இருக்கிற காசைப் போட்டு வருகிறோம். கக்கூஸ் கொல்லையில் இருந்தது. அம்மா அறைக்குப் பக்கத்திலேயே வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டோம். சமையலறையில் கிரானைட் மேடை, இழுப்பறை, சிம்னி எல்லாம் வந்துவிட்டன. அங்கே இருந்த மாடாக்குழிகளை அடைக்காமல் உள்ளே சின்ன விளக்கு வைத்தோம், மசாலா டப்பாக்கள் அதில்தான். மின்கம்பிக்காகச் சுண்ணாம்புச் சுவரை வெட்டினால் பொலபொலவென்று உதிரும் என்பதால் குழாயைச் சுவர்மேலேயே ஓட்டி, சுவர் நிறத்தையே அடித்தோம். முற்றத்துக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டுக் கண்ணாடி போட்டோம். வெளிச்சம் வருகிறது, சூடு வெளியே போகிறது, ஓரமாக மழையும் உள்ளே விழுகிறது. சிவப்பு ஆக்சைடு தரையை உடைத்து டைல்ஸ் போடச் சொன்னார்கள் எல்லோரும். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினோம். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்த சுவரெல்லாம் உப்புப் பூத்து உப்பிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புப் பூச்சு போட்ட பிறகு மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது, பொட்டு உப்பு இல்லை.

சிமெண்டுக்கு நான் எதிரி இல்லை. இந்தியாவில் சிமெண்ட் தயாரித்துப் பார்த்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று, 1904இல், நம் சென்னையில்தான் நடந்தது, அதுவும் கடற்சிப்பியை வைத்து. ஆனால் கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் அது துருவேற்றி, துரு உப்பி, வெளிப்பூச்சைத் தள்ளிவிடுகிறது. ராயபுரம், காசிமேடு பக்கம் பால்கனி அடியில் கம்பி தெரிய நிற்கும் அடுக்குமாடிகளைப் பார்க்காதவர்களா நீங்கள்? சிமெண்ட் பரவுவதற்கு முன்னால், 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் இன்றும் நிற்கிறது. 1892இல் திறந்த உயர் நீதிமன்றத்தில் இன்றும் வழக்கு நடக்கிறது. வயதைக் கேட்ட மாத்திரத்தில் அவற்றை இடிக்க யாரும் எழுதவில்லை. ஏறிப் பார்த்தார்கள், பழுது பார்த்தார்கள். எங்கள் வீடு அவ்வளவு பெரியது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பக்கத்து வீடுகளுக்கு வரும் கஷ்டத்தில் பாதி வீட்டுக்குள் இருந்து வருவதும் இல்லை. தாத்தா காலத்தில் தெருவில் இருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்கு வர வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேமேலே சாலை போட்டுப் போட்டு, இன்றைக்குத் தெருவில் இருந்து ஒரு படி இறங்குகிறோம். மழை பெய்தால் தெருத் தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வருகிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது எங்களுக்குப் புதிதாகச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. முற்றத்துத் தண்ணீர் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே கொல்லைக் கிணற்றுக்குத்தான் போகிறது. அப்படி யோசித்துக் கட்டிய வீட்டைப் பள்ளத்தில் தள்ளியது யார்? எங்கள் தெருவில் மட்டும் என் நினைவில் ஏழு முற்றத்து வீடுகள் போய்விட்டன. கதவும் தூணும் பழைய மரக்கடைக்குப் போய், எங்கோ ஒரு ஓட்டலில் அழகுக்கு நிற்கும். வீட்டில் இருந்தவரை மதிப்பில்லாத அதே தேக்குக்குக் கடையில் கன அடி கணக்கில் விலை.

சரி, சாலை உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதை மட்டும் பணிவோடு கேட்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு மறுபடி ஒருவரை அனுப்புங்கள். சுண்ணாம்பும் மரமும் தெரிந்தவராக இருக்கட்டும். அப்படி ஒருவர் உங்கள் பட்டியலில் இல்லையென்றால் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் மாடி ஏறட்டும், கட்டையைத் தட்டட்டும், முனையைக் குத்திப் பார்க்கட்டும். பார்த்த பிறகும் இந்தக் கூரை ஆபத்து என்று அவர் எழுதினால் மறுபேச்சுப் பேச மாட்டேன், அம்மாவை அன்றைக்கே வேறு இடம் மாற்றுவேன். பழுதுபார்த்தால் இத்தனை வருஷம் நிற்கும் என்று எழுதும்படி உங்கள் படிவத்தில் ஒரு கட்டமும் சேருங்கள். இப்போது அதில் கட்டிய வருஷத்துக்குத்தான் இடம் இருக்கிறது.

புரட்டாசி பிறந்துவிட்டது. தளம் போட்டால் சுண்ணாம்பு காய நாள் வேண்டும், அடைமழை தொடங்கிவிட்டால் தை வரை தொட முடியாது. அதனால் இந்த மாதத்துக்குள் யாரையாவது அனுப்பினால் நல்லது. எந்த நாளும் வரலாம், நான் இல்லாவிட்டாலும் அம்மா இருப்பார். ஏணியை மாடிப்படி ஓரத்திலேயே சாத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து ஒரு வீட்டுக்காரி