குடல் அறுவைக்கு முன் சொல்லப்பட வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்டோமெட்ரியோசிஸ் பற்றி நாளிதழ்கள் இப்போது ஓரளவு எழுதுகின்றன. அந்நோய் குடலைப் பற்றும்போது செய்யப்படும் அறுவைச் சிகிச்சையைப் பற்றியோ அதன் பின்விளைவுகளைப் பற்றியோ பொது வாசகர் படிக்கும்படி எழுதப்படுவது அரிது. அறுவைச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதே இந்நோய். குடலில் அது பெரும்பாலும் மலக்குடலையும் அதை அடுத்த சிக்மாய்டு பெருங்குடலையுமே பாதிக்கிறது. குடலின் வெளிச்சுவரிலிருந்து உள்நோக்கிக் கட்டியாக வளர்வதால், குடலின் உட்புறத்தைக் கருவி செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் பல நேரங்களில் எதுவும் தென்படாது. மாதவிடாய் நாள்களில் மலம் கழிக்கவே அஞ்சிய பெண்கள், வெறும் குடல் கோளாறு என்று சொல்லப்பட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்ததைக் கண்டிருக்கிறேன். அனுபவமுள்ளவர் செய்யும் யோனிவழி ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் கட்டியின் அளவையும் ஆழத்தையும் முன்கூட்டியே காட்டக்கூடியவை.

அறுவை மூன்று வகைப்படும்: குடற்சுவரின் மேலிருந்து கட்டியைச் சீவி எடுப்பது, கட்டியுள்ள பகுதியை வட்டமாக வெட்டித் தைப்பது, குடலின் ஒரு துண்டையே நீக்கி இரு முனைகளையும் இணைப்பது. இது புற்றுநோய் அன்று. எனவே சுற்றிலும் நல்ல திசுவைச் சேர்த்து அகற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிரான்சில் 60 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், குடலைத் துண்டாக நீக்கியவர்களுக்கும் சீவியோ வட்டமாக வெட்டியோ எடுத்தவர்களுக்கும் இடையே, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் குடலின் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குடல் அடைப்போ, சிறுநீர் இறங்கும் குழாய் நெரிபட்டுச் சிறுநீரகம் வீங்குவதோ இருந்தால் அறுவையைத் தள்ளிப்போட இயலாது. மற்றவர்களுக்கு ஹார்மோன் மருந்தா அறுவையா என்பது வலியின் கடுமை, குழந்தை விருப்பம், அவரவர் ஏற்கத் துணியும் ஆபத்து ஆகியவற்றைப் பொறுத்தது. அந்த ஆபத்துகள்தாம் சரியாகச் சொல்லப்படுவதில்லை.

குடலைத் தைத்த அல்லது இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் மலம் வயிற்றினுள் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்; மறு அறுவையும், சில மாதங்களுக்கு வயிற்றில் திறப்பு வைத்துப் பையில் மலத்தைச் சேகரிப்பதும் தேவைப்படலாம். மலக்குடலுக்கும் யோனிக்கும் இடையே புரை, அதாவது இரண்டையும் இணைத்துவிடும் துளை, உண்டாகலாம்; இரண்டிலும் ஒரே நேரத்தில் தையல் போடப்படும்போது இதற்கான வாய்ப்பு கூடுகிறது. இடுப்பு நரம்புகள் காயமுற்றால் சிறுநீர் தானாகப் பிரியாமல், தன் கையாலேயே குழாய் செலுத்தி அகற்றும் நிலை வரக்கூடும். பலருக்கு அது நாளடைவில் சீராகிறது, சிலருக்கு நீடிக்கிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதியை நீக்கியவர்களில் சிலர் அடிக்கடி கழிப்பறைக்கு ஓடவும், அடக்க முடியாமல் தவிக்கவும் நேர்கிறது. இவற்றை வெளியில் சொல்லக் கூசி, வேலையையும் பயணத்தையும் விட்டுவிட்டு வீட்டுக்குள் முடங்கும் பெண்களின் துயரம் எந்த மருத்துவக் குறிப்பிலும் பதிவாவதில்லை என்பது எனக்கு இன்றும் பெரும் வருத்தம். அறுவை பலருக்கு வலியற்ற வாழ்வைத் தந்திருப்பதையும் கண்கூடாகக் கண்டவள் நான். அச்சுறுத்துவது என் நோக்கமன்று.

மகப்பேறு மருத்துவரும் குடல் அறுவை நிபுணரும் சேர்ந்து அமர்ந்து, எந்த வகை அறுவை, ஏன், பை வைக்க நேருமா என்பவற்றை நோயாளிக்கு அவர் மொழியிலேயே விளக்கிய பிறகே கையெழுத்துப் பெற வேண்டும். அதுவும் அறுவைக்கு முந்தைய இரவில் அன்று, யோசிக்க அவகாசம் தந்து. வீடு திரும்புகையில், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, யோனிவழி துர்நாற்றக் கசிவு, சிறுநீர் பிரியாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே வர வேண்டும் என்று எழுதிய தாளும், எந்நேரமும் எடுக்கப்படும் தொலைபேசி எண்ணும் அவர் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்