வாகைக்குப் போன மார்க்

கன்னங்குறிச்சி, சேலம்
மே மாதம்

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே வெயில் தாங்கவில்லை. போன வாரம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போய்விட்டு வந்தேன். சீசன் கூட்டம், ஏரிப் பக்கம் கால் வைக்க முடியவில்லை. அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை.

அடிவாரத்தில் பஸ் நின்றபோது வாகை பூத்து வாசம் தூக்கியது. உடனே உன் ஞாபகம். பி.எஸ்சி. பிராக்டிகலில் வாகைப்பூவைக் கொன்றையோடு சேர்த்து 'சிசால்பினியாய்டியே' துணைக்குடும்பம் என்று எழுதி மார்க்கைக் கோட்டைவிட்டாயே! சாயங்காலம் டீக்கடையில் உன்னை எவ்வளவு ஓட்டினேன்! மன்னித்துவிடு. நீ எழுதியதுதான் இப்போது சரி.

2017-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, பசுங்கணிகத்தில் (இலைக்குப் பச்சை நிறம் தரும் செல் உறுப்பு) உள்ள ஒரு மரபணுவை ஒப்பிட்டு, அவரைக் குடும்பத்தின் மூன்று துணைக்குடும்பங்களை ஆறாக்கிவிட்டார்கள். வாகைக்கு நாம் உருப்போட்ட மைமோசாய்டியே அதில் இல்லை. வாகை, தூங்குமூஞ்சி, கொடுக்காப்புளி எல்லாம் கொன்றையின் கூட்டமான சிசால்பினியாய்டியேக்குள்ளிருந்தே கிளைத்தவை. மகரந்தத்தாள்கள் பஞ்சுபோல விரிந்திருப்பதைப் பார்த்து நாம்தான் தனி வீடு கட்டிக் கொடுத்திருந்தோம். பெரிய வீட்டுக்குள் அது ஓர் அறை, அவ்வளவுதான்.

அதே வீட்டிலிருந்து புளியமரம் தனிக்குடித்தனம் போய்விட்டது. அதன் துணைக்குடும்பம் டெட்டாரியாய்டியே. அந்த வகையில் அதிகமானவை ஆப்பிரிக்காவில்தான். பெயரில் 'இண்டிகா' இருந்தாலும் புளியின் பூர்வீகமும் அங்கேதான். இதை என் வீட்டுக்காரியிடம் சொன்னேன், ரசத்தை இறக்கிவைத்துவிட்டு முறைத்தாள். மந்தாரையும் பிரிந்துவிட்டது, செர்சிடாய்டியே என்று. அதன் இலை நடுவில் பிளந்து இரட்டையாக இருப்பதால்தான் தாவரவியலாளர்களான பௌஹின் சகோதரர்கள் இருவரின் பெயரால் அதற்கு பௌஹினியா என்று வைத்தார்கள். பேத்திக்கு அது மாட்டுக் குளம்பாகத்தான் தெரிந்தது.

புங்கனுக்கும் வேங்கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏற்றிய கல்யாண முருங்கையும் பழைய இடத்திலேயே, பாப்பிலியோனாய்டியேயில். இதழ்களைக் கொடி, சிறகு, படகு என்று நீ படம் வரைவாயே, அந்தப் பூ.

கருவேலத்தின் கதை பெரிசு. ஆஸ்திரேலிய மரங்களுக்கு அதன் அகேசியா என்ற பெயரைக் கொடுத்துவிட்டு நம் மரத்தை வச்செல்லியா ஆக்கிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. நேரில் வா, திட்டித் தீர்ப்போம்.

அப்புறம் ஒன்று. அன்று புளியம்பூவுக்கும் சிசால்பினியாய்டியே என்று எழுதி முழு மார்க் வாங்கினாய். அதைத் திருப்பிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
ராஜு