வண்டி ரிப்பேர் என்று சொன்னேனே

திண்டுக்கல்
17.11.2024

அன்புள்ள சேகரா,

பதினாலு மாசமாக நீ அனுப்பும் காலை வணக்கப் பூக்களுக்குக் கட்டைவிரலைக் காட்டுவதோடு சரி என்று இருந்துவிட்டேன். இப்போது திடீரென்று கடிதமா என்று கேட்பாய். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். கடிதத்தில் புக முடியாது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மலருக்கு மூட்டுவலி, எனக்குச் சர்க்கரை, புதிதாக ஒன்றும் இல்லை. தங்கச்சியையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

விஷயம் என்னவென்றால், வண்டி. அதே ஸ்விஃப்ட்தான். 2012 டீசல், ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிறது. வருஷ ஆரம்பத்திலிருந்தே காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு சத்தம். தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குகிற மாதிரி கலகலவென்று இரண்டு விநாடி. அப்புறம் ஒன்றும் இருக்காது. டீசல் என்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "அடுப்படி வரைக்கும் கேக்குது, என்னான்னு பாருங்க" என்று மலர் மூன்று தடவை சொன்னாள். இரண்டு விநாடி ஐந்தாகி, ஐந்து பத்தான பிறகுதான் ஒரு பட்டறைக்குப் போனேன்.

அங்கே ஒருத்தன் காதைக்கூடக் கொடுக்காமல் "டாப்பெட் லூஸ் சார், அட்ஜஸ்ட் பண்ணிரலாம்" என்று ஆயிரத்து எண்ணூறு வாங்கிக்கொண்டான். நீ சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. சிரி. அந்த இன்ஜினில் இருப்பது வால்வு இயக்கத்தின் தளர்வை ஆயில் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட், திருகி இறுக்க அதில் ஒரு திருகுகூடக் கிடையாது. இது தெரிந்த ஆட்டோமொபைல் டிப்ளமோக்காரன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ரசீதும் வாங்கி வந்தேன். முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் வட்டிக் கணக்குப் போட்டால் மூளை இப்படித்தான் ஆகும். பாலிடெக்னிக்கில் கண்ணை மூடிக்கொண்டு வருவது எந்தக் கம்பெனி பஸ் என்று சொல்வாயே, நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஆயிரத்து எண்ணூறு மிச்சம்.

போன மாசம் குடும்பத்தோடு கொடைக்கானல். டம்டம் பாறை தாண்டியதும் வண்டி இழுக்க மறுத்தது, இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. எப்படியோ மேலே போய், மறுநாள் உருட்டாத குறையாக இறக்கிக்கொண்டு வந்து நேராகப் பேகம்பூர் மெக்கானிக் பாயிடம் நிறுத்தினேன்.

பாய் வண்டியைத் தொடவே இல்லை. "ராத்திரி இங்கயே கெடக்கட்டும். காலைல நான் வர்ற வரைக்கும் யாரும் சாவியத் தொடக்கூடாது" என்றார். சூடான இன்ஜின் உண்மையைச் சொல்லாதாம். காலையில் நீள ஸ்க்ரூடிரைவர் முனையைச் செயின் கவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு "இப்ப அடிங்க" என்றார். அடித்தேன். கலகல. "டைமிங் செயின்." அவ்வளவுதான். ஸ்கேனரை அதற்கப்புறம்தான் மாட்டினார். அதில் பி0016 என்று வந்தது. வால்வைத் திறக்கும் கேமும், பிஸ்டன் சுழற்றும் கிராங்கும், அந்தச் செயின் கோத்த இரண்டும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்று அர்த்தம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, அந்தக் கணக்கு பிசகியிருக்கிறது.

பாய் ஆயில் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தார். தார். "கடைசியா எப்ப மாத்துனீங்க?" என்றார். "பத்தாயிரம் ஆனதும் மாத்திருவேன் பாய்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் டிரைவர் கதவைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த சர்வீஸ் ஸ்டிக்கரைப் படித்தார். பத்தொன்பதாயிரம் ஓடியிருந்தது.

குற்றவாளி அந்த ஆயில்தான், அதாவது நான்தான். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ராத்திரியில் அழுத்தம் இறங்கிவிடும். காலையில் ஆயில் ஏறுகிற வரைக்கும் தொய்ந்த செயின் கவரில் போய் அடிக்கிறது. அந்த இரண்டு விநாடி அதுதான். செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, ரப்பர் மாதிரி இழுபடுவதில்லையாம். டீசல் கரி ஆயிலில் கலந்து ஒவ்வொரு கண்ணியின் பின்னையும் மயிரிழை மயிரிழையாக அரைக்கிறது. நூற்றுச் சொச்சம் மயிரிழை சேர்ந்தால் செயின் நீளம்.

வேலை இரண்டு நாள். நான் லீவு போட்டுவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஆயில் பம்ப் அந்தச் செயின் கவருக்குள்ளேயே இருப்பதால் அடியில் ஆயில் நிற்கும் சம்பையும் இறக்கவேண்டியிருந்தது. ஜாக்கியில் இன்ஜினைத் தாங்கிக்கொண்டு ஒரு பக்கம் மவுண்ட்டைக் கழற்றினார்கள். கவர் வந்ததும் டார்ச் அடித்துக் காட்டினார். கிணற்றுக் கல்லில் கயிறு அறுத்த தடம் பார்த்திருக்கிறாய் அல்லவா, உங்கள் லால்குடி வீட்டுக் கிணற்றில் இருக்குமே, அதே மாதிரி செயின் உரசி ஓடும் கைடு பிளாஸ்டிக்கில் இரண்டு தடம். டென்ஷனர் கம்பி இதற்கு மேல் நீள முடியாது என்று முழுசாக வெளியே நின்றது. பழைய செயினையும் புதுசையும் பக்கவாட்டில் ஒரு நுனி பிடித்து நீட்டினார். புதுசு ஓரளவு விறைத்து நின்றது, பழையது வில்லாக வளைந்து தொங்கியது. ஆணியில் இரண்டையும் மாட்டிப் பார்த்தால் வித்தியாசம் ஒரு நகக்கண் அளவுதான்.

"இன்னும் ரெண்டு பல்லு தாண்டியிருந்தா வால்வு பிஸ்டன்ல இடிச்சிருக்கும். ராக்கர் எல்லாம் தூளு. ஓடிக்கிட்டு இருக்கும்போதே வண்டி நின்னுரும்" என்றார். டம்டம் பாறை வளைவு ஞாபகம் வந்தது. பின்சீட்டில் மாமியார், அவர் மடியில் தலை வைத்துக் கொழுந்தியாள் பிள்ளைகள் இரண்டும் தூங்கிக்கொண்டு வந்தன. டீ வாங்கி வைத்திருந்தேன், குடிக்க முடியவில்லை.

பழைய பல்சக்கரம் புதுச் செயினையும் தின்றுவிடும் என்று ஸ்ப்ராக்கெட், கைடு, டென்ஷனர் எல்லாமே மாற்றினார். கேமையும் கிராங்கையும் பின் போட்டுப் பூட்டித்தான் செயினை மாட்டினார். பிறகு பின்னை எடுத்துவிட்டு ஸ்பானரை என் கையில் கொடுத்து, "ரெண்டு சுத்து முழுசா சுத்துங்க, எங்கயாவது இடிச்சா நிறுத்திருங்க" என்றார். சுற்றினேன். இரண்டாவது சுற்று முடிந்ததும் பூட்டும் பின் அதே ஓட்டையில் தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அந்தக் கிளிக் சத்தத்தைக் கேட்க நீ இருந்திருக்கவேண்டும். பில் 21,600.

உன் மைத்துனர் டாடா விஸ்டா குவாட்ராஜெட் ஓட்டுகிறாரே, அதுவும் இதே ஃபியட் வடிவமைத்த 1248 சிசி இன்ஜின்தான். காலையில் முதல் ஸ்டார்ட்டைக் காது கொடுத்துக் கேட்கச் சொல். 2020ல் பிஎஸ் 6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது. இருப்பதை நாம்தான் காப்பாற்றிக்கொள்ளவேண்டும்.

சரி, இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன் அம்மா காரியத்துக்கு வராததற்கு வண்டி ரிப்பேர் என்று சொன்னேனே, அது பொய். வண்டி அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. காலையிலேயே கிளம்பி மணப்பாறை வரைக்கும் வந்தேன். டீ குடித்தேன். வழக்கம்போல அம்மாவுக்கென்று முறுக்கு வாங்கி, காசு கொடுத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பொட்டலத்தோடு கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் கையால் சாப்பிட்டவன். அடுப்படியில் அவர் இல்லாத அந்த வீட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மலருக்குக்கூட இது தெரியாது. பாய் ஸ்டிக்கரைப் படித்தபோது சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது, இரண்டு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

வரும் ஞாயிறு, 24ஆம் தேதி, வருகிறேன். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் லால்குடி. தங்கச்சியிடம் தடபுடல் வேண்டாம் என்று சொல், இட்லி போதும். திட்டுவதானால் அம்மா படத்துக்கு முன்னால் வைத்துத் திட்டாதே. கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் திட்டு.

உன்,
பன்னு

பி.கு.: பழைய செயினைப் பாயிடமிருந்து கேட்டு வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன். மலர் இரும்புக்கடைக்குப் போடச் சொல்கிறாள். நீ பார்த்த பிறகு போடலாம்.