குழைந்துபோன உருளைக்கிழங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த உலக சினிமா கட்டுரையில் மருந்துக்குக்கூட ஒரு பெண் இயக்குநர் இல்லை. பெல்ஜியத்தின் சந்தால் ஆக்கர்மன் 1975-இல் தந்த 'ழான் தியெல்மான்' படத்தை எப்படி விட்டீர்கள்? 2022-இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' சினிமா இதழ், எல்லாக் காலத்துக்குமான சிறந்த படம் எது என்று விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அதற்குத்தான் முதலிடம். அதற்குமுன் எந்தப் பெண்ணின் படமும் அந்த இடத்தைப் பிடித்ததில்லை. மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும். பொறுமை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருளைக்கிழங்கு குழைந்துபோனதும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாயகி தடுமாறுகிறாளே, முப்பது வருடம் அடுப்படியில் நின்ற எனக்கு அந்தக் கலக்கம் தெரியும். அதைப் படமாக்கியபோது ஆக்கர்மனுக்கு வயது 24. அடுத்த இணைப்பிலாவது அவருக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகி, மதுரை