நிறத்தை வைத்துத் தும்பியின் குடும்பம் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் இணைப்பில் தும்பிகளைப் பற்றி வந்த படக்கட்டுரையைப் பார்த்தேன். படங்கள் தெளிவாக இருந்தன. ஆனால் பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டி, ‘சிவப்புத் தும்பிக் குடும்பம்’, ‘நீலத் தும்பிக் குடும்பம்’, ‘ஊசித்தும்பிக் குடும்பம்’ என்று மூன்றாகப் பிரித்திருந்தது பிழை. மாணவர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பள்ளிக் கண்காட்சியில் ஒட்டுவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் சுருக்குங்கள், சிறகு நரம்புகள் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

தட்டான், ஊசித்தும்பி இரண்டையும் சேர்த்தே தும்பி என்கிறேன். எல்லாம் சேர்ந்தது ஓடோனேட்டா என்ற ஒரு வரிசை, அதாவது பல குடும்பங்கள் அடங்கிய பெருந்தொகுதி. உலகில் இதுவரை பெயரிடப்பட்டவை 6,000 இனங்களுக்கு மேல். வரிசைக்குள் இரண்டு பெரும் பிரிவுகள்: ஊசித்தும்பிகள் அடங்கிய சைகோப்டெரா, தட்டான்கள் அடங்கிய அனிசோப்டெரா. இமயமலை, ஜப்பான், சீனா ஆகிய இடங்களில் வாழும் எபியோஃப்ளீபியா என்ற பேரினம் (குடும்பத்துக்குள் நெருங்கிய இனங்களின் தொகுதி) ஊசித்தும்பியின் சிறகும் தட்டானின் உடலும் கொண்டு தனியே நிற்கிறது. ஆக, ஊசித்தும்பி என்பது ஒரு குடும்பம் அல்ல. நம் பக்கத்திலேயே கொயனாக்ரியோனிடே, பிளாட்டிக்னெமிடிடே, லெஸ்டிடே, கலோப்டெரிகிடே, குளோரோசைஃபிடே, யூஃபெயிடே, பிளாட்டிஸ்டிக்டிடே என்று ஏழு குடும்பத்து ஊசித்தும்பிகள் பறக்கின்றன. விலங்கியலில் குடும்பப் பெயர் ‘இடே’ என்றும் துணைக்குடும்பப் பெயர் ‘இனே’ என்றும் முடியும். மாணவர்கள் இந்த ஈறுகளைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

‘சிவப்புக் குடும்பம்’ என்று நீங்கள் காட்டியதில் மட்டும் குறைந்தது மூன்று பேரினங்கள் கலந்திருக்கின்றன. குளக்கரையில் சிவப்பாக உட்கார்ந்திருப்பது குரோகோதெமிஸ் செர்விலியாவாக இருக்கலாம், டிரித்தெமிஸ் அரோராவாக இருக்கலாம், ஆர்த்தெட்ரம் கிரைசிஸ் அல்லது யூரோதெமிஸ் சிக்னேட்டாவாகவும் இருக்கலாம். நான்கும் லிபெல்லுலிடே குடும்பம்தான், ஆனால் பேரினம் நான்கு. நீலமும் அதே குடும்பத்தில்தான் இருக்கிறது. சிவப்பு ஆர்த்தெட்ரம் கிரைசிஸும் நீல ஆர்த்தெட்ரம் கிளாக்கமும் ஒரே பேரினம் என்றால் நிறத்தை நம்பி என்ன பிரிப்பது?

ஒரே பூச்சியே வயதுக்கேற்ப நிறம் மாறும் என்பது அடுத்த சிக்கல். டிப்ளகோடெஸ் டிரிவியாலிஸ் ஆண், சிறகு முளைத்த புதிதில் கருப்புக் கோடுகளோடு மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். முதிர முதிர உடலில் மெழுகுப்பொடி படிந்து முழு நீலமாகும். குரோகோதெமிஸ் செர்விலியாவில் பெண்ணும் இளம் ஆணும் மஞ்சள் கலந்த பழுப்பு, முதிர்ந்த ஆண் மட்டுமே சிவப்பு. உங்கள் கட்டத்தின்படி பார்த்தால் கணவனும் மனைவியும் இரு வேறு குடும்பம் ஆகிவிடுவார்கள். போதாததற்கு, பூச்சி இறந்ததும் நிறம் மங்கிவிடும். நரம்புகள் அப்படியல்ல. சிறகு விரிந்து உலர்ந்த பிறகு அவை மாறுவதில்லை, காய்ந்த உடலிலும் புதைபடிவத்திலும்கூட அப்படியே நிற்கும். வகைப்பாட்டாளர்கள் சிறகைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

1758இல் லின்னேயஸ் எல்லாத் தும்பிகளையும் லிபெல்லுலா என்ற ஒரே பேரினத்தில் போட்டார். 1775இல் ஃபாப்ரீசியஸ் அதை லிபெல்லுலா, ஏஷ்னா, அக்ரியான் என மூன்றாகப் பிரித்தார், 1793இல் வரிசைக்கு ஓடோனேட்டா என்று பெயர் வைத்தார். நம் நாட்டுத் தும்பிகளை ஒழுங்குபடுத்தியவர் எஃப்.சி. ஃப்ரேசர் என்ற ராணுவ மருத்துவர். 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் வந்த அவருடைய மூன்று தொகுதிகளில் குடும்பத்தையும் பேரினத்தையும் பிரிக்கும் திறவுகோல்கள் (படிப்படியாக அடையாளம் காண உதவும் பட்டியல்கள்) பெரிதும் சிறகு நரம்பைக் கொண்டே ஓடுகின்றன.

இனி குடும்பம் காணும் முறை. முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். தும்பிக்கு அது மயிரிழை போலச் சிறியது. நீளமாக, நுனி தடித்து நின்றால் அது தும்பியே அல்ல, நியூரோப்டெரா வரிசையைச் சேர்ந்த ஆந்தை ஈ. கட்டுரையின் மூன்றாம் படம் அப்படிப்பட்டதுதான்.

அடுத்தது சிறகின் அடி. முன்சிறகும் பின்சிறகும் ஒரே வடிவில், அடி ஒடுங்கி இருந்தால் ஊசித்தும்பி. பின்சிறகின் அடி அகன்றிருந்தால் தட்டான். ‘சிறகை மூடி உட்கார்ந்தால் ஊசித்தும்பி, விரித்து உட்கார்ந்தால் தட்டான்’ என்று பாடம் சொல்வது வழக்கம், ஆனால் இந்த விதி அடிக்கடி காலை வாரும். லெஸ்டெஸ் பேரினத்து ஊசித்தும்பிகள் சிறகைப் பாதி விரித்தே உட்காரும். அதே லெஸ்டிடே குடும்பத்து இண்டோலெஸ்டெஸ் மூடி உட்காரும்.

மூன்றாவது கண். ஊசித்தும்பியின் கண்கள் தலையின் இரு ஓரத்தில், நடுவே ஒரு கண்ணளவுக்கு மேல் இடைவெளி விட்டு நிற்கும். தட்டான்களில் கோம்ஃபிடே குடும்பத்துக்குக் கண்கள் தெளிவாகப் பிரிந்திருக்கும். குளத்தோரக் குச்சி நுனியில் கருப்பும் மஞ்சளுமாக உட்காரும் இக்டினோகோம்ஃபஸ் ராபாக்ஸைப் பலர் இதனால்தான் பெரிய ஊசித்தும்பி என்று எழுதிவிடுகிறார்கள். பின்சிறகின் அகலத்தையும், வயிற்றின் எட்டாம் கண்டத்தில் இருபுறமும் இலைபோல நீட்டிய மடலையும் பார்த்தால் தவறாது. ஏஷ்னிடேயில் இரு கண்களும் தலையுச்சியில் நீண்ட கோடாக ஒட்டியிருக்கும். லிபெல்லுலிடேயிலும் மேக்ரோமிடேயிலும் கண்கள் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் ஒட்டும் கோடு அவ்வளவு நீளமில்லை.

கண்ணோடு நிற்காமல் முக்கோணத்துக்கு வாருங்கள். தட்டானின் ஒவ்வொரு சிறகிலும் அடியிலிருந்து சிறிது தள்ளி நரம்புகள் ஒரு முக்கோணம் அமைக்கும். ஊசித்தும்பியில் அந்த இடத்தில் இருப்பது நாற்கோணம். கோம்ஃபிடே, ஏஷ்னிடே இரண்டிலும் முன்சிறகு முக்கோணமும் பின்சிறகு முக்கோணமும் ஏறத்தாழ ஒரே வடிவம். லிபெல்லுலிடேயில் முன்சிறகு முக்கோணம் சிறகின் குறுக்கே நீண்டு நிற்கும், பின்சிறகு முக்கோணம் நீளவாக்கில் படுத்து அடியை நோக்கி நகர்ந்திருக்கும். இது பளிச்சென்று தெரியும் வேறுபாடு. அதே பின்சிறகின் உட்பகுதியில் நரம்புகள் ஒரு வளையம் இடும். லிபெல்லுலிடேயில் பெரும்பாலும் அது பாதத்தின் வடிவில், நடுவே ஒரு தண்டு நரம்போடு இருக்கும். மேக்ரோமிடேயில் தண்டு இல்லாமல் உருண்டையாக இருக்கும். கருப்பு மஞ்சள் வரியைப் பார்த்து மேக்ரோமியாவைக் கோம்ஃபிடேயில் சேர்க்கும் பிழையைக் கண்ணும் இந்த வளையமும் சேர்ந்து தடுக்கும்.

ஆணாக இருந்தால் இன்னொரு சோதனை. கோம்ஃபிடே, மேக்ரோமிடே ஆண்களுக்கு வயிற்றின் இரண்டாம் கண்டத்தில் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு காதுமடல் போன்ற புடைப்பு இருக்கும், பின்சிறகின் உள்மூலை கோணலாக வெட்டியதுபோல் இருக்கும். லிபெல்லுலிடே ஆணுக்குப் புடைப்பு இல்லை, மூலை உருண்டை. ஏஷ்னிடேயில் கவனம் வேண்டும். கைனகாந்தாவுக்குப் புடைப்பு உண்டு, ஆனாக்ஸ் பேரினத்துக்குக் கிடையாது. இங்கே குடும்பத்தை அல்ல, பேரினத்தையே இது பிரித்துக் கொடுக்கிறது.

பேரினத்துக்கு எண்ணிக்கை வேண்டும். சிறகின் முன்விளிம்பில் நடுவாக ஒரு சிறு மடிப்பு இருக்கும், அதுதான் கணு. அடியிலிருந்து கணு வரை, விளிம்பு நரம்பிலிருந்து கீழிறங்கும் குறுக்கு நரம்புகளை முன்சிறகில் எண்ண வேண்டும். ஒரு முழுக் குறுக்கு நரம்பு முதல் நரம்பான விளிம்பு நரம்பிலிருந்து இரண்டாம் நரம்பைக் கடந்து மூன்றாவது வரை போகும். கணுவுக்கு முந்தைய கடைசி நரம்பு சில பேரினங்களில் இரண்டாம் நரம்போடு நின்றுவிடும். அதை அரை என்று கணக்கிடுவார்கள். நூல்களில் ஒன்பதரை, பத்தரை என்று வருவது அச்சுப்பிழை அல்ல. ஆர்த்தெட்ரத்தில் கடைசி நரம்பு முழுமை, மொத்தம் பெரும்பாலும் பத்துக்கு மேல். குரோகோதெமிஸிலும் டிரித்தெமிஸிலும் அது அரை. யூரோதெமிஸில் எண்ணிக்கையே ஆறு ஏழுதான். டிப்ளகோடெஸிலும் எண்ணிக்கை குறைவு, கடைசியும் அரை. ஆகவே நீலமான டிப்ளகோடெஸை ஆர்த்தெட்ரம் என்று மயங்க வேண்டியதில்லை. குரோகோதெமிஸ் செர்விலியாவையும் டிரித்தெமிஸ் அரோராவையும் பிரிக்க நரம்பு எண்ணுவது வீண் வேலை, காலைப் பாருங்கள். அரோராவுக்குக் கருப்புக் கால், செர்விலியாவுக்குச் செம்பழுப்புக் கால்.

எண்ணும்போது வரும் பிழைகள் வழக்கமானவை. பின்சிறகை முன்சிறகு என்று எண்ணுவது முதலாவது, பின்சிறகில் பெரும்பாலும் குறைவாகவே வரும். ஒரு பக்கம் மட்டும் எண்ணுவது இரண்டாவது. இடச்சிறகுக்கும் வலச்சிறகுக்கும் ஒன்று கூடக்குறைய இருப்பது சகஜம்.

ஊசித்தும்பிகளில் இதே குறுக்கு நரம்புகள் குடும்பத்தையே பிரிக்கும். கொயனாக்ரியோனிடே, பிளாட்டிக்னெமிடிடே, லெஸ்டிடே, பிளாட்டிஸ்டிக்டிடே நான்கிலும் இரண்டே இரண்டு. கலோப்டெரிகிடே, குளோரோசைஃபிடே, யூஃபெயிடே மூன்றிலும் நிறைய. பின் மூன்றில், முகம் மூக்குபோல் முன்னே புடைத்து, வயிறு சிறகைவிடக் குட்டையாக இருந்தால் குளோரோசைஃபிடே. முன் நான்கில் லெஸ்டிடேக்குச் சிறகுநுனிப் பொட்டு நீளம். நாற்கோணம் ஏறத்தாழ நீள்சதுரமாக இருந்தால் பிளாட்டிக்னெமிடிடே, ஒரு மூலை கூர்மையாக நீண்டால் கொயனாக்ரியோனிடே.

நரம்பும் ஏமாற்றும் என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. சிறகின் பின்புற நரம்பு குறுகியோ மறைந்தோ போன மெல்லிய ஊசித்தும்பிகளை ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று பாராமல் புரோட்டோநியூரிடே என்ற ஒரே குடும்பமாக வைத்திருந்தார்கள். மரபணு ஒப்பீடு, நரம்புக் குறைவு வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே நேர்ந்தது என்று காட்டியது. 2014இல் வெளிவந்த மறுவரையறையில் அமெரிக்க இனங்கள் கொயனாக்ரியோனிடேக்குள் போயின. நம்முடைய புரோடாசினியூரா, எலட்டோநியூரா, டிஸ்பாரோநியூரா முதலியவை பிளாட்டிக்னெமிடிடேயின் துணைக்குடும்பமாக, டிஸ்பாரோநியூரினே என்று ஆயின. பல பாடநூல்களும் இணையப் பட்டியல்களும் இன்னும் பழைய குடும்பத்தைச் சுமக்கின்றன. உங்கள் கட்டுரையின் பட்டியலிலும் அது இருக்கிறது, நீக்கிவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடியோனிக்ஸ் பேரினத்தை 2013ஆம் ஆண்டு வகைப்பாடு எந்தக் குடும்பத்திலும் உறுதியாக வைக்காமல் விட்டது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். எல்லாம் முடிந்த கணக்கு என்று அவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

படம் எடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரு பூச்சிக்கு நான்கு படம் வேண்டும்: மேலிருந்து, படக்கருவியின் முகம் சிறகுகளுக்கு இணையாக இருக்கும்படி ஒன்று, மார்பின் பக்கவாட்டு, முகம், வயிற்று நுனியின் பற்றுறுப்புகள். நெருங்கிய பேரினங்களும் இனங்களும் கடைசியில் சொன்ன இடத்தில்தான் பிரியும், பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதைத்தான். நரம்பு தெரிய வெளிச்சம் சிறகின் பின்னாலிருந்து வர வேண்டும், முன்சிறகின் அடி முதல் கணு வரை முழுக்க விழ வேண்டும். பனி காயாத விடிகாலையில் பூச்சி அசையாது. பத்து மடங்கு கைலென்ஸால் பார்க்கப் பிடித்தே ஆக வேண்டும் என்றால் நான்கு சிறகையும் முதுகுக்கு மேல் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடியுங்கள், காலைப் பிடித்தால் கழன்றுவிடும். சிறகு கண்ணாடிபோல் பளபளத்தால் அது இப்போதுதான் தோலுரித்தது, தொடவே கூடாது. காப்புக்காட்டுக்குள் பிடிப்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். கைபேசிச் செயலி சொல்லும் பெயர் தேடலுக்கு ஒரு தொடக்கம், அவ்வளவே. அதுவும் பெரும்பாலும் நிறத்தில்தான் மயங்குகிறது.

கடைசியாகப் பட விளக்கம். குடும்பம் வரை உறுதி என்றால் குடும்பத்தோடும், பேரினம் வரை உறுதி என்றால் பேரினத்தோடும் நிறுத்திவிடுங்கள். இனப்பெயரை ஊகித்துப் போட வேண்டாம். பெயருக்குப் பின் வரும் ஆய்வாளர் பெயரில் உள்ள அடைப்புக்குறியையும் எடுத்துவிடாதீர்கள். பண்டாலா ஃப்ளாவெசென்ஸ் (ஃபாப்ரீசியஸ், 1798) என்று எழுதினால், அவர் அதை வேறு பேரினத்தில் வைத்து விவரித்தார், பிறகு இங்கே மாற்றப்பட்டது என்று பொருள். பேரினம் மாறாதவற்றுக்கு அடைப்புக்குறி வராது. கட்டுரையில் ரைனோசைஃபா பைசிக்னேட்டா என்று அச்சாகியிருப்பது இப்போது ஹீலியோசைஃபா பைசிக்னேட்டா. திருத்தம் வெளியிடும்போது பழைய பெயரையும் பக்கத்திலேயே கொடுத்தால், பழைய நூல்களை வைத்திருக்கும் ஆசிரியர்கள் தேடி எடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
திருநெல்வேலி