செயலாளர் ஆண்டறிக்கை: பூ இல்லாத செங்காந்தள்

தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிறுமலை அடிவாரத்தில் இயங்கும் நம் இயற்கை ஆர்வலர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. பறவைக் கணக்கெடுப்பு மழையால் தள்ளிப்போய், பொங்கலுக்குப் பிறகு முடிந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டை எடுத்துக்கொண்டது ஒரே செடிதான்: செங்காந்தள்.

மாநில மலரை அடையாளம் காண ஒரு வருடம் எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆறு இதழ்களும் நெளிந்து மேல்நோக்கி வளைந்து நிற்கும் பூவைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் பூ இருப்பது மழைக்காலத்தில் மட்டும். காய் முற்றியதும் கொடி காய்ந்துவிடும். கோடையில் மண்ணுக்கு மேலே ஒன்றும் இருக்காது. கிழங்கு உள்ளே இருக்கும். செடி முழுவதிலும் கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டவர்கள் இறந்த சம்பவங்கள் இங்கும் இலங்கையிலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. எனவே பூ இல்லாதபோது தெரிந்துகொள்வதுதான் உண்மையான வேலை என்று முடிவு செய்தோம்.

இலையைப் பார்க்கக் கற்றோம். காந்தள் இலைக்குக் காம்பு கிடையாது. நரம்புகள் நீளவாக்கில் ஒரே போக்கில் ஓடும். நுனி குறுகி, சுருண்டு, பக்கத்துப் புதரைப் பிடித்துக்கொள்ளும். தண்டு எதையும் சுற்றாது. ஏறுவதெல்லாம் இலைநுனியின் பலத்தில்தான். வேலியோரத்தில் ஒரு கொடியின் நுனியைப் பிடியிலிருந்து விடுவித்துப் பார்த்தபோது, உறுப்பினர்களில் பலருக்கு அதுவே முதல் தடவை. இத்தனை வருடம் பூவை மட்டும் படம் எடுத்தவர்கள் நாம்!

வள்ளிக்கிழங்கு தரும் காட்டுவள்ளிக் கொடி இதற்கு நேர்மாறு. தண்டே சுற்றி ஏறும், இலைக்கு நீண்ட காம்பு, நரம்புகளுக்கு நடுவே வலைப்பின்னல். ஸ்மைலாக்ஸ் கொடிக்கும் பற்றுக்கம்பிகள் உண்டு, ஆனால் அவை இலைக்காம்பில் இரண்டிரண்டாகக் கிளம்பும். தண்ணீர்விட்டானை யாரும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஊசி போன்ற பசுமையும் முள்ளும் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையிலேயே ஏமாற்றக்கூடியது ஃபிளாஜெல்லேரியா இண்டிகா என்ற கொடி. அதன் இலைநுனியும் அப்படியே சுருளும். கேரளக் கடலோரப் பக்கம் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அதன் தண்டு பிரம்பைப் போலக் கெட்டி, இலையின் அடி குழாயாகத் தண்டை மூடியிருக்கும், பூக்களோ சின்னஞ்சிறு வெள்ளைக் கொத்து.

மஞ்சளும் சிவப்பும் இரண்டு வகை என்ற வாக்குவாதமும் தீர்ந்தது. பூ பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, சில நாட்களில் மேற்பாதி சிவந்து, கடைசியில் முழுக்கச் சிவக்கிறது. ஒரே கொடியில் மூன்று நிறத்தையும் பார்க்கலாம். நர்சரியிலிருந்து ஓர் உறுப்பினர் கொண்டுவந்த தொட்டிச் செடி வேறு கதை. அகன்ற, அவ்வளவாக நெளியாத இதழ்கள்; ஆப்பிரிக்க வகை. முன்பு ரோத்ஸ்சைல்டியானா என்று தனி இனமாக வைத்திருந்தார்கள், இப்போது நம் செங்காந்தளின் அறிவியல் பெயரான குளோரியோசா சூப்பர்பாவிலேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் "இதுவும் காந்தள்தான்" என்று அவர் பிடித்த பிடிவாதத்தில் தப்பில்லை.

கிழங்கைப் பார்க்கக் காட்டில் தோண்டவில்லை; அது சட்டப்படியும் கூடாது. ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் காந்தளைப் பயிரிடும் தோட்டத்துக்குப் போனோம். இரண்டு காலாகப் பிரிந்த கிழங்கு. கலப்பைக்கிழங்கு என்ற பெயர் சும்மா வரவில்லை. ஆனால் ஒரு கால் உடைந்து தனியே கிடந்தால் அந்த அடையாளம் போச்சு, வள்ளித் துண்டு என்றே தோன்றும். கொடியைப் பார்த்து உறுதி செய்யாத கிழங்கை எடுக்கவே கூடாது என்று அந்தத் தோட்டக்காரரும் சொன்னார். அங்கே காலையில் பெண்கள் பூ பூவாக மகரந்தம் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறையச் செங்கோணத்தில் மடங்கி, மகரந்தப்பைகளை விட்டு ஒதுங்கி நிற்கிறது. கையால் செய்யாவிட்டால் காய் சரியாகப் பிடிக்காதாம். விதை மருந்துக்குப் போகிறது. கௌட் என்ற மூட்டுவலிக்குக் கொடுக்கும் மாத்திரை இதே கொல்கிசின்தான்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். வாட்ஸ்ஆப் குழுவில் படம் போடும்போது பூவோடு இலைநுனியையும் தண்டு ஏறும் விதத்தையும் சேர்த்து எடுங்கள். அப்புறம், அடிவாரப் பள்ளிகளுக்குக் காந்தளையும் காட்டுவள்ளியையும் அருகருகே காட்டும் சுவரொட்டி ஒன்று அச்சிட நிதி ஒதுக்க வேண்டும். தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும், மீதிக் கிழங்கையும் கையோடு கொண்டுபோக வேண்டும் என்ற வரி அதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்