கணக்கில் வராதவை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் வீட்டில் மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடும் பொறுப்பு என்னுடையது. இப்போது நன்றாக இருக்கிறாள். கட்டுப் பிரித்த மறுநாள் கட்டிலில் உட்கார்ந்தபடியே எதிர்ச் சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக் காட்டினாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ அனுப்பிய எள்ளும் வந்து சேர்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பேத்தி கல்லூரியில் ஈராக் போரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள் என்றும், "அந்த ஆயுதக் கதையை அப்போது எல்லோருமே நம்பினீர்களா தாத்தா?" என்று கேட்டாள் என்றும் எழுதியிருந்தாய். ஈராக் அதிபர் சதாம் உசேனிடம் நச்சுவாயு, கிருமி, அணுகுண்டு என்று பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லித்தானே 2003-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் அங்கே படையெடுத்தன. "உலகமே ஏமாந்தது, அப்போது யாருக்கும் உண்மை தெரியாது" என்று அவளிடம் சொன்னாயாம். அந்த வரியில் நின்றுவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் பரணில் ஏறி, அந்த வருடங்களில் செய்தித்தாள் பார்த்துக் குறித்து வைத்த நீள நோட்டைத் தேடி எடுத்தேன்.

நீ நம்பியதில் குற்றமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சதாம் குவைத்தைப் பிடித்த 1990-இல் உன் அண்ணன் அங்கிருந்து ஒற்றைப் பையோடு வந்து இறங்கியவர். ஒன்பது வருடச் சம்பாத்தியத்தை அப்படியே விட்டுவிட்டு, பாஸ்ரா, பாக்தாத் வழியாக அம்மான் போய், அங்கே கூடாரத்தில் கிடந்து, ஏர் இந்தியா விமானம் ஏறி வந்தார். அப்படி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நம் ஆட்கள் வந்தார்கள். சதாம் உசேன் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது உன் வீட்டுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈரான் போரில் நச்சுவாயு வீசியவர். 1988-இல் ஹலாப்ஜாவில் தன் நாட்டுக் குர்து மக்கள் மேலேயே வீசி, ஏறக்குறைய 5,000 பேரைக் கொன்றவர். அந்த ஆளிடம் ஆயுதம் இருக்கிறது என்று சொன்னால் உனக்கு ஏன் நம்பத் தோன்றாது?

அங்கேதான் கை வைத்தார்கள். 'இருந்தது' என்பது உண்மை. அதை 'இருக்கிறது' என்று மாற்றினார்கள். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு முக்காலம் சொல்லிக்கொடுத்தவன் என்பதாலோ என்னவோ, அன்றைக்கே எனக்கு அந்த வினைமுற்றுகள்தான் உறுத்தின. நோட்டில் அவற்றின் கீழே சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

2001 பிப்ரவரியில் கெய்ரோ போன அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், பேரழிவு ஆயுத விஷயத்தில் சதாம் குறிப்பிடும்படியான எந்தத் திறனையும் வளர்த்துக்கொள்ளவில்லை, அண்டை நாடுகளைத் தாக்கும் பலமும் அவரிடம் இல்லை என்று சொன்னார். அந்த ஜூலையில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ், ஆயுதம் சதாம் கைக்குப் போகாமல் தடுக்க முடிகிறது, அவருடைய படை மறுபடி எழவில்லை என்றார். அப்புறம் செப்டம்பர் 11 வந்தது. அந்தத் தாக்குதலில் ஈராக்குக்குப் பங்கில்லை. ஆனால் பேச்சு மாறிவிட்டது. 2002 ஆகஸ்ட் 26-இல் துணை அதிபர் டிக் செனி நாஷ்வில் நகரத்தில் முன்னாள் படைவீரர்கள் கூட்டத்தில், சதாமிடம் இப்போது பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன, சந்தேகமே இல்லை என்றார். பதின்மூன்று நாள் கழித்து அதே ரைஸ் தொலைக்காட்சியில், ஆதாரம் அணுகுண்டின் காளான் மேகமாக வந்து நிற்கும் வரை காத்திருக்க முடியாது என்ற பொருளில் பேசினார். ஆயுதம் போகாமல் தடுக்க முடிகிறது என்று அவரே சொல்லி ஒரு வருடமும் இரண்டு மாதமும்கூட ஆகவில்லை.

அணுகுண்டுப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டியது அலுமினியக் குழாய்களை. 81 மில்லிமீட்டர் விட்டம். யுரேனியம் செறிவூட்டும் இயந்திரத்துக்கு என்றார்கள். அமெரிக்காவின் எரிசக்தித் துறையில் அந்த இயந்திரங்களோடு வாழ்ந்த நிபுணர்கள், இது சாதாரண பீரங்கி ராக்கெட்டுக்கான குழாய் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். அந்தக் கருத்து அடிக்குறிப்பாகப் போனது. காளான் மேகம் தலைப்புச் செய்தியாக வந்தது. அதே செப்டம்பர் 24-இல் பிரிட்டன் அரசு வெளியிட்ட ஆவணம், 45 நிமிடத்தில் ஈராக் தன் ரசாயன, உயிரியல் ஆயுதங்களை ஏவும் நிலைக்குக் கொண்டுவரும் என்றது. மறுநாள் லண்டன் பத்திரிகைகள், சைப்ரஸில் இருக்கும் பிரிட்டிஷ் தளம் வரைக்கும் ஆபத்து என்று எழுதின. அந்த 45 நிமிடம் போர்க்களத்தில் சுடும் சிறு குண்டுகளைப் பற்றியது, தூரம் பாயும் ஏவுகணைகளைப் பற்றியதல்ல. பாதுகாப்பு அமைச்சருக்கு அது தெரிந்திருந்தது. பிரதமர் பிளேர், போருக்கு ஓட்டெடுத்த நாளில் தனக்கு அது தெரியாது என்று 2004-இல் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

பேத்திக்கு நீ நிறுத்தி விளக்க வேண்டியது ஐ.நா. சோதகர்கள் சொன்னதை. அதை நான் பலமுறை படித்திருக்கிறேன். 2002 நவம்பர் கடைசியில் சோதகர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸின் ஆட்கள் ஈராக்குக்குள் மறுபடி போனார்கள். 2003 ஜனவரி 27-இல் அவர் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஒரு கணக்கைச் சொன்னார். ஈராக் விமானப்படையின் பழைய ஆவணம் ஒன்றின்படி, ஈரான் போரில் போட்டதாக ஈராக் சொன்ன ரசாயன குண்டுகளுக்கும் உண்மையில் போட்டதற்கும் 6,500 குண்டு வித்தியாசம். அதில் சுமார் 1,000 டன் ரசாயனம் இருந்திருக்கும். இதற்கு ஈராக் கணக்குக் காட்ட வேண்டும். அவர் சொன்னது அவ்வளவுதான். கணக்கில் வராத ஒன்று கையில் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது, இல்லையென்றும் தள்ளிவிட முடியாது என்று பிப்ரவரி 14-இல் மறுபடியும் தெளிவாகச் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் நான் நாலு வருடம் இருப்புப் பதிவேடு பார்த்தவன். ஏட்டில் அறுபது பெஞ்சு என்று இருக்கும். எண்ணினால் ஐம்பத்திரண்டு. மற்ற எட்டும் எப்போதோ உடைந்து விறகாகியிருக்கும், எழுதி வைக்காமல் விட்டிருப்பார்கள். அந்த எட்டு பெஞ்சும் யாரோ ஒருவர் வீட்டில் இப்போது கிடக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். பிளிக்ஸ் போய்ப் பார்த்தார். மூன்றரை மாதத்தில் 700-க்கும் மேற்பட்ட சோதனைகள். ஐ.நா. விதித்த 150 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டிப் பறக்கும் அல் சமூத் ஏவுகணைகளைக் கண்டுபிடித்து, எழுபது வரை முன்னால் நின்று அழிக்க வைத்தார். உளவுத்துறை கைகாட்டிய இடங்களுக்கும் போனார்கள், அங்கே சொன்ன சரக்கு இல்லை. இன்னும் சில மாதம் கொடுங்கள் என்று கேட்டார். கொடுக்கவில்லை.

பிப்ரவரி 5 உனக்கு நினைவிருக்கும். உன் வீட்டுத் திண்ணையிலிருந்து டி.வி. பார்த்தோம். பவல் சின்னக் குப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டினார், ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய கிருமியின் தூள் இவ்வளவு போதும் என்று. தான் சொல்வது ஒவ்வொன்றுக்கும் உறுதியான ஆதாரம் இருக்கிறது, இவை வெறும் கூற்றுகளல்ல, உண்மைகள் என்றார். "ராணுவத்தில் இருந்தவன் இப்படி முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மாட்டான்" என்று நீ சொன்னாய். நானும் அன்று பதில் பேசவில்லை. லாரியில் ஓடும் நடமாடும் கிருமிக்கூடங்கள் என்று அவர் படம் வரைந்து காட்டியதெல்லாம் பெரும்பாலும் ஜெர்மனிக்கு ஓடிவந்த ஒரே ஈராக்கியரின் வாய்மொழி. அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. போருக்கு முன் அவரை நேரில் உட்கார வைத்து விசாரித்ததே இல்லை. அவ்வளவும் இட்டுக்கட்டியது என்று 2011-இல் அவரே ஒப்புக்கொண்டார். அந்த உரை தன் வாழ்க்கையில் ஒரு கறை என்று பவல் 2005-இல் சொன்னார்.

ஆப்பிரிக்காவில் யுரேனியம் வாங்கப் பார்த்தார்கள் என்று அமெரிக்க அதிபர் புஷ் அந்த ஜனவரியில் சொன்னாரே, அதற்குக் காட்டிய நைஜர் நாட்டுக் காகிதங்கள் போலி என்று மார்ச் 7-இல் சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய் பாதுகாப்பு அவையிலேயே அறிவித்தார். அதில் ஒரு கடிதத்தில், பத்து வருடத்துக்கு முன்பே பதவியை விட்டுப் போன அமைச்சரின் கையெழுத்து! போருக்குப் பதின்மூன்று நாள் முன்பு இது. பத்து நாள் கழித்து புஷ், ஈராக் கொடிய ஆயுதங்களை வைத்திருக்கிறது, மறைக்கிறது, இதில் எந்தச் சந்தேகமும் இல்லை என்று சொல்லி 48 மணி நேரம் கெடு வைத்தார்.

அதே மார்ச் 17 மாலை லண்டனில் ராபின் குக் அமைச்சர் பதவியைத் துறந்துவிட்டு நாடாளுமன்றத்தில் பேசினார். பேரழிவு ஆயுதம் என்று நாம் சாதாரணமாகப் புரிந்துகொள்ளும் அர்த்தத்தில் ஈராக்கிடம் அப்படி எதுவும் அநேகமாக இல்லை என்றார். முன்பு வெளியுறவு அமைச்சராக இருந்தவர், உளவுக் குறிப்புகளைப் பார்த்தவர். மறுநாள் ஓட்டெடுப்பில் 149 பேர் எதிர்த்தார்கள். அமெரிக்காவில் அதற்கு முந்தைய அக்டோபரிலேயே கீழவையில் 133 பேரும் மேலவையில் 23 பேரும் போருக்கு அதிகாரம் தர மறுத்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். பிப்ரவரி 15-இல் உலகம் முழுக்கத் தெருவுக்கு வந்த லட்சக்கணக்கான ஜனங்களைச் சேர்த்துக்கொள். யாருக்கும் தெரியாது என்று எப்படியடா சொல்ல முடியும்? கண்ணுக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவர்கள், எழுந்து பேசியவர்கள், பதவியை விட்டவர்கள் இருந்தார்கள்.

நம் நாடாளுமன்றமும் 2003 ஏப்ரலில் ஒரு தீர்மானம் போட்டது. எந்தச் சொல்லைப் போடுவது என்று கட்சிகளுக்குள் இழுபறி. கடைசியில் இந்தி வாசகத்தில் 'நிந்தா' என்று வந்தது, நம்முடைய நிந்தனைதான். ஆங்கிலத்தில் இன்னும் மென்மையான சொல். அந்த ஜூலையில் அமெரிக்கா கேட்டும் படை அனுப்ப வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது.

போர் தொடங்கிய பிறகு வினைச்சொற்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கியதை நாள் போட்டே குறித்திருக்கிறேன். மார்ச் 30: ஆயுதங்கள் எங்கே இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியும், திக்ரித், பாக்தாத் சுற்றுவட்டாரத்தில் என்றார் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட். மே 27: போருக்கு முன்னால் அவர்களே அழித்திருக்கலாம் என்றார் அவரே. இரண்டொரு நாளில் புஷ் போலந்துத் தொலைக்காட்சியிடம், கண்டுபிடித்துவிட்டோம் என்றார். அது இரண்டு வண்டிகள். பீரங்கிப் படையின் வானிலை பலூனுக்கு ஹைட்ரஜன் தயாரிப்பவை. ஜூன்: ஆயுதம் போய் ஆயுதத் 'திட்டம்' வந்தது. 2004 ஜனவரி உரையில் அதுவும் தேய்ந்து, ஆயுதத் திட்டம் 'தொடர்பான நடவடிக்கைகள்' ஆனது. ஆயுதம் வைத்திருந்ததற்கும் வைத்துக்கொள்ள முயன்றிருக்கலாம் என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பேட்டியில் புஷ் கேட்டார். நண்பா, அந்த வித்தியாசத்துக்குள்தான் அத்தனை உயிரும் போயிற்று. எண்ணிச் சரிபார்த்த கணக்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக்கியப் பொதுமக்கள்.

2004 மார்ச்சில் வாஷிங்டனில் நடந்த பத்திரிகையாளர் விருந்தில், தன் அலுவலக அறையில் குனிந்து தேடும் படங்களைக் காட்டி, "அந்த ஆயுதங்கள் இங்கேதான் எங்காவது இருக்க வேண்டும்" என்று புஷ் சொன்னார். கூட்டம் சிரித்தது. அந்தப் பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. தாளை மட்டும் ஒட்டியிருக்கிறேன்.

அமெரிக்கா அமைத்த குழுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஈராக்கில் தேடி முடித்து, 2004 அக்டோபரில் குழுத் தலைவர் டூல்ஃபரின் அறிக்கை வந்தது. இருப்பை ஈராக் 1991-லேயே அழித்துவிட்டது. அணுத் திட்டமும் அந்த வருடமே நின்றுவிட்டது. பலதையும் ரகசியமாக, எழுதி வைக்காமல் அழித்ததால்தான் பல கணக்குகள் நேராகவே இல்லை. தான் பலவீனமாகிவிட்டது ஈரானுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று பயந்ததாகப் பிடிபட்ட பிறகு விசாரணையில் சதாமே சொல்லியிருக்கிறார். பிளேரோ, தவறாகிப்போன தகவலுக்கு மன்னிப்புக் கேட்கலாம், சதாமை அகற்றியதற்குக் கேட்க மாட்டேன் என்றார். ஆயுதம் இல்லை என்று தெரிந்திருந்தாலும் அகற்றுவது சரி என்றே நினைத்திருப்பேன், வேறு வாதங்களை வைத்திருப்பேன் என்று 2009-இல் அவர் சொன்னதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. 2002 ஜூலையிலேயே "எது வந்தாலும் உங்களோடு இருப்பேன்" என்று புஷ்ஷுக்குக் குறிப்பு எழுதியவர் அவர். போரில் பிரிட்டன் இறங்கியதை ஆராய்ந்த சில்காட் விசாரணை 2016-இல் அந்தக் குறிப்பை வெளியிட்டது.

நோட்டை நாளை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பேத்தி வேண்டியதைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். ஒட்டிய தாள்கள் நொறுங்குகின்றன, மெதுவாகப் புரட்டச் சொல். அவளிடம், "தெரிந்தவர்கள் சொன்னார்கள், நாங்கள் காது கொடுக்கவில்லை" என்று சொல். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அவள் அதைத் தாங்குவாள்.

இன்னொன்று. பாக்தாத் மேல் முதல் குண்டு விழுந்ததை டி.வி.யில் காட்டிய அன்று, உன் அண்ணன் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். பின்னாலேயே போனேன். 1990-இல் பஸ் பாக்தாதில் நின்றபோது, கையில் காசில்லாத இவருக்கும் கூட வந்தவர்களுக்கும் ஒரு ரொட்டிக்கடைக்காரர் சுடச்சுட ரொட்டி கொடுத்து, காசு வேண்டாம் என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினாராம். "அந்தக் கடை ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது, பாலத்தையும் அடிக்கிறார்களா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அதை நான் உன்னிடம் சொன்னதேயில்லை.

அண்ணனுக்கு நினைவு நன்றாக இருக்கும் காலை வேளையில் கேட்டுப் பார். அந்தத் தெருவின் பெயர் ஞாபகமிருந்தால் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்